எசுப்பானிய மொழியில் ஆள் விவரிப்பு

எசுப்பானிய மொழியில் ஆள் விவரிப்பு என்பது ஒருவர் தம்மையோ பிறரையோ பெயர், ஊர், அகவை, தொழில், தோற்றம், குணம், அப்போதைய நிலை ஆகியவற்றால் எடுத்துரைக்கும் முறையாகும். எசுப்பானியம் கற்பவர்களுக்கு முதலில் கற்பிக்கப்படும் பாடங்களுள் இது ஒன்று. எசுப்பானியம் 20 இறைமையுள்ள நாடுகளில் சட்டப்படியோ நடைமுறையிலோ ஆட்சிமொழியாக உள்ளது. அதனைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 50 கோடிப் பேர்.

தமிழில் "இரு" என்னும் ஒரு வினையாலோ வினையே இல்லாமலோ சொல்லப்படும் செய்திகளை எசுப்பானியம் ஸேர், எஸ்த்தார், தெனேர் என்னும் மூன்று வினைகளுக்குள் பகுத்துக் கொள்கிறது. இவற்றுள் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பொருள் முற்றிலும் மாறக்கூடும். ஒருவரின் தாய்க்கு உடல்நலமில்லை என்று சொல்ல முற்பட்டு, அவர் கெட்டவர் என்று சொல்லிவிடும் பிழை இதனால் நேர்கிறது.

இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகள் பல செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள மாமல்லபுரத்தின் சிற்பங்களையும், அங்கு 2022-ல் நடந்த சதுரங்க ஒலிம்பியாடையும் கொண்டு தரப்பட்டுள்ளன.

ஒலிப்பும் எழுத்துப்பெயர்ப்பும்

எசுப்பானியச் சொற்கள் இங்கே தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. இலத்தீன் அமெரிக்க ஒலிப்பு பின்பற்றப்பட்டுள்ளது. பின்வருவனவற்றைக் கருத்தில் கொள்ளவேண்டும்.

* எசுப்பானியத் தகரம் ஆங்கிலத்தில் உள்ளதுபோல் டகரச் சாயல் உடையதன்று. அது தமிழ்த் தகரத்தைப் போல் பல்லில் நா பட ஒலிப்பது.
* உயிர்களுக்கு இடையே வரும் மெல்லொலி ப, த, க ஆகியவை தமிழில் "கோபம்", "பாதம்", "நகம்" ஆகிய சொற்களில் உள்ளவாறே உரசி நெகிழ்ந்து ஒலிக்கின்றன. வல்லொலி தேவைப்படும் இடங்களில் இங்கு ஒற்று இரட்டித்து எழுதப்பட்டுள்ளது.
* ஒற்றை ரகரமும் அதிர்ந்து ஒலிக்கும் றகரமும் பொருளை வேறுபடுத்துவன. பேரோ என்றால் "ஆனால்"; பேறோ என்றால் "நாய்".
* ஞகரமும் னகரமும் வேறு வேறு எழுத்துகள். ஆஞோஸ் என்பது "ஆண்டுகள்". அதனை ஆனோஸ் என்று சொன்னால் அவையில் சொல்லத்தகாத ஓர் உடலுறுப்பைக் குறிக்கும். அகவையைச் சொல்லும்போது அயலார் அடிக்கடி செய்யும் பிழை இதுவாகும். ஞகரத்தைத் தன் எழுத்தாகவே கொண்ட தமிழர் இதனை எளிதில் தவிர்க்கலாம்.

மூன்று அடிப்படை வினைகள்

ஸேர்

ஒருவர் யார், எத்தகையவர் என்பதைச் சொல்வது ஸேர். பெயர், ஊர், தொழில், உறவு, குணம், இயல்பான தோற்றம் ஆகியவை இதனுள் அடங்கும். நிகழ்கால வடிவங்கள் வருமாறு:

* நான்: ஸோய்
* நீ: ஏரெஸ்
* அவன், அவள், அவர், தாங்கள்: எஸ்
* நாங்கள், நாம்: ஸோமோஸ்
* நீங்கள் (பன்மை, எசுப்பானிய நாட்டில்): ஸோய்ஸ்
* அவர்கள்: ஸோன்

எடுத்துக்காட்டு: ஸோய் தே செங்கல்பட்டு (நான் செங்கல்பட்டைச் சேர்ந்தவன்). எஸ் மேதிக்கோ (அவர் மருத்துவர்). தொழிலை மட்டும் சொல்லும்போது பெயர்ச்சொல்லுக்கு முன் "ஒரு" என்னும் பொருள்தரும் உன் சேர்ப்பதில்லை. தமிழிலும் "அவர் ஒரு மருத்துவர்" என்பதினும் "அவர் மருத்துவர்" என்பதே இயல்பான வழக்காகும்.

எஸ்த்தார்

ஒருவர் எங்கே, எந்நிலையில் இருக்கிறார் என்பதைச் சொல்வது எஸ்த்தார். இது "நிற்றல்" என்னும் பொருளுடைய இலத்தீன வினையிலிருந்து பிறந்தது. நிகழ்கால வடிவங்கள்: எஸ்த்தோய், எஸ்த்தாஸ், எஸ்த்தா, எஸ்த்தாமோஸ், எஸ்த்தாய்ஸ், எஸ்த்தான்.

எடுத்துக்காட்டு: எஸ்த்தோய் கன்ஸாதோ (நான் களைப்பாக இருக்கிறேன், ஆண் சொல்வது). எஸ்த்தோய் கன்ஸாதா (அதையே பெண் சொல்வது).

தெனேர்

உடைமையைக் குறிக்கும் வினை தெனேர். ஒருமை வடிவங்கள்: தேங்கோ (எனக்கு உண்டு), தியேனெஸ் (உனக்கு உண்டு), தியேனே (அவருக்கு உண்டு). அகவை, உறுப்புகள், பசி, தாகம் முதலியவற்றைச் சொல்ல இது பயன்படுகிறது.

* தேங்கோ த்ரேயின்த்தா ஆஞோஸ்: எனக்கு 30 வயது
* தேங்கோ ஆம்ப்ரே: எனக்குப் பசிக்கிறது
* தேங்கோ ஸேத்: எனக்குத் தாகமாக இருக்கிறது

தமிழில் இவை நான்காம் வேற்றுமையில் "எனக்கு" என அமைகின்றன. எசுப்பானியத்தில் உடையவரே எழுவாயாக நிற்கிறார். ஆங்கிலத்தை இடையில் வைத்து மொழிபெயர்ப்பவர்கள் அகவைக்கு ஸேர் வினையைப் பயன்படுத்திப் பிழை செய்வதுண்டு. "எனக்கு" என்று தமிழில் தொடங்கும் இடத்தில் தேங்கோ பொருந்துமா என்று பார்ப்பது நல்ல வழியாகும்.

ஸேர், எஸ்த்தார் வேறுபாடு

ஸேர் நிலையானது, எஸ்த்தார் தற்காலிகமானது என்பது தொடக்கநிலைப் பாடநூல்களில் காணப்படும் விதியாகும். இது முழுமையானதன்று. "இறந்துவிட்டார்" என்பதற்கு எஸ்த்தா முவேர்த்தோ என எஸ்த்தார் வினையே வருகிறது, இறப்பு தற்காலிகமானதன்று. ஒருவரை வகைப்படுத்துவது ஸேர், ஒருவர் அடைந்துள்ள நிலையைக் கூறுவது எஸ்த்தார் எனக் கொள்வது பொருத்தமாகும்.

ஒரே பெயரடை இரு வினைகளோடும் சேர்ந்து இருவேறு பொருள் தரும்:

* எஸ் லீஸ்த்தோ: அவன் கெட்டிக்காரன். எஸ்த்தா லீஸ்த்தோ: அவன் ஆயத்தமாக இருக்கிறான்.
* எஸ் அபுறீதோ: அவன் பிறருக்குச் சலிப்பூட்டுபவன். எஸ்த்தா அபுறீதோ: அவன் சலித்துப் போயிருக்கிறான்.
* எஸ் மாலா: அவள் கெட்டவள். எஸ்த்தா மாலா: அவளுக்கு உடல்நலமில்லை (பெரிதும் எசுப்பானிய நாட்டு வழக்கு).
* எஸ் குவாப்பா: அவள் அழகி. எஸ்த்தா குவாப்பா: அவள் இன்று அழகாகத் தோன்றுகிறாள்.

கேள்விகளும் இவ்வாறே வேறுபடுகின்றன. கோமோ எஸ் து மாத்ரே என்பது "உன் தாய் எப்படிப்பட்டவர்?" எனக் கேட்பது. கோமோ எஸ்த்தா து மாத்ரே என்பது "உன் தாய் நலமா?" எனக் கேட்பது. முன்னதற்கு "அன்பானவர், உயரமானவர்" என்பன போன்றவையும், பின்னதற்கு "நலமாக இருக்கிறார்" என்பது போன்றதும் விடையாகும்.

தமிழர்க்கு இங்கு ஓர் உதவியும் ஓர் இடரும் உண்டு. "அவர் உயரமானவர்", "அவர் நல்லவர்" எனப் பெயர்ப் பயனிலையாகச் சொல்லத்தக்கவை பெரும்பாலும் ஸேர் வினைக்குரியன. "அவர் களைப்பாக இருக்கிறார்" என "ஆக இரு" கொண்டு மட்டுமே இயல்பாகச் சொல்லத்தக்கவை பெரும்பாலும் எஸ்த்தார் வினைக்குரியன. ஆனால் தமிழில் "அவர் உயரமாக இருக்கிறார்" என்றும் சொல்லலாம். இதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து எஸ்த்தா ஆல்த்தோ என்றால், வளரும் சிறுவனைப் பார்த்து "உயர்ந்துவிட்டானே" என்று வியப்பது போன்ற பொருள் கிடைக்கும். எனவே ஐயம் எழும் இடங்களில் தமிழ் வாக்கியத்தை "ஆனவர்" என முடித்துப் பார்த்த பின்னர் வினையைத் தேர்வது நன்று.

பெயரடையின் பால், எண் இயைபு

எசுப்பானியப் பெயரடை, தான் விவரிக்கும் பெயரின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறும். "உயரமான" என்பதற்கு நான்கு வடிவங்கள் உள்ளன: ஆல்த்தோ (ஆண் ஒருமை), ஆல்த்தா (பெண் ஒருமை), ஆல்த்தோஸ் (ஆண் பன்மை), ஆல்த்தாஸ் (பெண் பன்மை). ஆணும் பெண்ணும் கலந்த குழுவிற்கு ஆண்பால் பன்மை வரும். ஏகாரத்தில் முடியும் இன்த்தெலிஹேன்த்தே (அறிவுள்ள), அமாப்லே (அன்பான) போன்றவை பாலுக்கேற்ப மாறுவதில்லை. ஓர் என முடியும் த்ரபஹதோர் (உழைப்பாளியான) பெண்பாலில் த்ரபஹதோரா ஆகும்.

தமிழில் "நல்ல பையன், நல்ல பெண், நல்ல மக்கள்" எனப் பெயரடை மாறுவதில்லை. ஆயினும் அது பயனிலையாகும்போது "நல்லவன், நல்லவள், நல்லவர்" என விகுதி பெறுகிறது. பழந்தமிழின் குறிப்பு வினைமுற்று இதனினும் ஒருபடி மேலானது. "கரியன், கரியள், கரியர், கரியது, கரியன" என ஐம்பாலுக்கும், "நல்லேன், நல்லை" எனத் தன்மை முன்னிலைகளுக்கும் அது வடிவம் கொண்டிருந்தது. எசுப்பானியத்தில் பெயரடை தன்மை, முன்னிலை, படர்க்கை காட்டுவதில்லை. அதனைக் காட்டும் பொறுப்பு ஸேர் வினையுடையது. வினை விகுதியே இடத்தை உணர்த்துவதால், தமிழைப் போலவே எசுப்பானியத்திலும் எழுவாயை விட்டுவிடுவது இயல்பாகும்.

பெயரடை பொதுவாகப் பெயருக்குப் பின் வரும். சில பெயரடைகள் முன்னால் வந்தால் வேறு பொருள் தரும்:

* உன் ஓம்ப்ரே போப்ரே: பொருள் வளமற்ற மனிதர். உன் போப்ரே ஓம்ப்ரே: பரிதாபத்திற்குரிய மனிதர்.
* உனா முஹேர் க்ரான்தே: பெரிய உருவமுடைய பெண். உனா க்ரான் முஹேர்: மாபெரும் பெண்மணி.
* உன் அமீகோ பியேஹோ: வயதான நண்பர். உன் பியேஹோ அமீகோ: நெடுநாள் நண்பர்.

தோற்றமும் உடையும்

உறுப்புகளைச் சொல்லத் தெனேர் வினையும், உடை, கண்ணாடி முதலிய அணிவனவற்றைச் சொல்ல யேபார் வினையும் வருகின்றன. தியேனே எல் பேலோ நேக்ரோ (அவருக்குக் கருமையான முடி), தியேனே பிகோத்தே (அவருக்கு மீசை உண்டு), யேபா காஃபாஸ் (அவர் கண்ணாடி அணிந்திருக்கிறார்) என்பன எடுத்துக்காட்டுகள். பிறரை ஒத்திருப்பதைச் சொல்ல பரெஸேர்ஸே என்னும் வினை உண்டு. ஸே பரேஸே அ ஸு பாத்ரே என்பது தமிழில் "அப்பாவை உரித்து வைத்திருக்கிறான்" என்பதற்கு அருகில் வரும்.

மொரேனோ என்னும் சொல் கருமுடி உடையவரையும் மாநிற அல்லது கருநிற மேனி உடையவரையும் குறிக்கும். எது என்பது இடத்தைப் பொறுத்தது. பருமனான ஒருவரைக் கோர்தோ என்று சொல்வது சில நாடுகளில் குடும்பத்தாரிடையே செல்லப் பெயராகவே வழங்குகிறது. ஆனால் அறிமுகமற்றவரிடம் அது இழிவாகும். வயதானவரைப் பியேஹோ என்பதற்கு மாற்றாக உனா பெர்ஸோனா மயோர் என்பது மதிப்பான வழக்கு. தமிழில் "கிழவர்" என்பதற்கும் "பெரியவர்" என்பதற்கும் உள்ள வேறுபாட்டை இது ஒத்தது.

மரியாதை வடிவங்கள்

தமிழின் நீ, நீங்கள் போல எசுப்பானியத்தில் தூ, உஸ்த்தேத் என்னும் வடிவங்கள் உண்டு. உஸ்த்தேத் என்பது "தங்கள் அருள்" என்னும் பொருளுடைய புவேஸ்த்ரா மெர்ஸேத் என்னும் தொடரின் மருவாகும். ஆகையால் அது முன்னிலையைக் குறித்தாலும் படர்க்கை வினையைக் கொள்கிறது: உஸ்த்தேத் எஸ். அர்செந்தீனா முதலிய நாடுகளில் தூ என்பதற்கு மாற்றாக போஸ் வழங்குகிறது. அதற்குரிய வினை வடிவம் ஸோஸ். கொலம்பியாவின் சில பகுதிகளில் குடும்பத்தினரிடையேகூட உஸ்த்தேத் வழங்குகிறது.

படர்க்கையில் எசுப்பானியத்திற்கு மரியாதைப் பன்மை இல்லை. பாட்டியும் பேத்தியும் ஏயா என்றே சுட்டப்படுவர். இருவருக்கும் எஸ் என்னும் ஒரே வினைதான். ஏயா என்பதைத் தமிழில் "அவள்" என்பதா "அவர்" என்பதா என்பதை மொழிபெயர்ப்பவரே முடிவு செய்யவேண்டும். மதிப்பைக் காட்ட விரும்பினால் பெயருக்கு முன் தோன் (ஆண்), தோஞா (பெண்) என்னும் அடைகள் சேர்க்கப்படும்.

பெயரும் நாடும்

"என் பெயர்" என்பதற்கு மே யாமோ என்பது பெருவழக்கு. எசுப்பானியம் பேசும் நாடுகளில் பெரும்பாலும் ஒருவருக்குத் தந்தை வழியில் ஒன்றும் தாய் வழியில் ஒன்றுமாக இரண்டு குடும்பப் பெயர்கள் உண்டு. எழுத்தாளர் கபிரியேல் கார்சியா மார்க்கேசின் பெயரில் கார்சியா தந்தை வழியது. மார்க்கேஸ் தாய் வழியது. ஓவியர் பிக்காசோ தம் தாய் வழிப் பெயராலேயே உலகறியப்பட்டார். எசுப்பானிய நாட்டில் தாய் வழிப் பெயரை முதலில் வைக்க 1999-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. தந்தை வழிப் பெயருக்குத் தானாகக் கிடைத்த முன்னுரிமை 2017-ல் நீங்கியது.

தமிழரிடையே குடும்பப் பெயர் வழக்கம் பரவலாக இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னெழுத்தாக நிற்கும். இயற்பியலாளர் சி. வி. இராமன் பெயரில் "சி" என்பது தந்தையார் சந்திரசேகரரைக் குறிக்கும். எசுப்பானியப் படிவங்களில் நோம்ப்ரே (பெயர்), அப்பெயீதோஸ் (குடும்பப் பெயர்கள்) என இரு கட்டங்கள் இருக்கும். இரண்டாவதில் தந்தை பெயரை எழுதும் தமிழர், தந்தையின் பெயராலேயே அழைக்கப்படும் நிலை ஏற்படும். கல்விச் சான்று, கடவுச்சீட்டு, படிவம் ஆகிய மூன்றிலும் பெயர் ஒரே முறையில் பகுக்கப்பட்டிருப்பது இதனால் இன்றியமையாததாகிறது.

நாட்டைச் சொல்வதிலும் கவனம் தேவை. இந்தியரைக் குறிக்கும் இன்தியோ என்னும் சொல் அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடி மக்களையும் குறிக்கும்; சில நாடுகளில் அது வசையாகவும் வழங்குகிறது. இக்குழப்பத்தைத் தவிர்க்கப் பலர் இந்தியர் அனைவரையும் இன்தூ என்பர். ஆனால் அச்சொல்லுக்கு இந்து சமயத்தவர் என்னும் பொருளும் உண்டு. ஒரு தமிழ் முசுலிமோ கிறித்தவரோ அதனால் தவறாக அறியப்படலாம். ஸோய் தே லா இன்தியா (நான் இந்தியாவைச் சேர்ந்தவன்) என்பது இவ்விரு இடர்களும் அற்றது.

மாமல்லபுரம் கொண்டு எடுத்துக்காட்டுகள்

மாமல்லபுரத்தின் பல்லவர் காலச் சின்னங்கள் 1984-ல் யுனெசுகோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 2019-ல் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து செங்கல்பட்டு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இவ்வூர் புதிய மாவட்டத்தில் அடங்கியது.

மகிடாசுரமர்த்தினி மண்டபம்

கொற்றவையை விவரிக்க: தியேனே ஓச்சோ ப்ராஸோஸ் (அவளுக்கு எட்டுக் கைகள்), எஸ்த்தா ஸென்த்தாதா ஸோப்ரே உன் லெயோன் (அவள் சிங்கத்தின்மேல் அமர்ந்திருக்கிறாள்). எதிர்நிற்கும் அசுரனை விவரிக்க: தியேனே கபேஸா தே பூஃபாலோ இ குவேர்ப்போ தே ஓம்ப்ரே (அவனுக்கு எருமைத் தலையும் மனித உடலும் உள்ளன). எதிர்ச் சுவரில் பாம்பணைமேல் கிடக்கும் திருமாலுக்கு: எஸ்த்தா அக்கொஸ்த்தாதோ (அவர் படுத்திருக்கிறார்). அமர்தல், நிற்றல், கிடத்தல் ஆகிய உடல்நிலைகள் அனைத்தும் எஸ்த்தார் வினைக்குரியன.

அருச்சுனன் தபசு

திறந்தவெளிப் பாறைச் சிற்பத் தொகுதியில் ஒற்றைக்காலில் நின்று, கைகளை உயர்த்தித் தவம் செய்பவர் உருவம் உள்ளது. எஸ்த்தா தே பியே ஸோப்ரே உனா பியேர்னா (ஒற்றைக்காலில் நிற்கிறார்), தியேனே பார்பா (அவருக்குத் தாடி உண்டு) என்பவற்றில் சிக்கல் இல்லை. விலா எலும்பு தெரியும் மெலிவைச் சொல்லும்போது எஸ் ஃப்லாக்கோ என்றால் இயல்பிலேயே மெலிந்தவர் எனப்படும். எஸ்த்தா ஃப்லாக்கோ என்றால் இப்போது மெலிந்திருக்கிறார் எனப்படும். வில்வீரனான அருச்சுனன் தவத்தால் மெலிந்தான் என்று கொள்வோர்க்கு இரண்டாவதே பொருந்தும். இவ்வுருவம் அருச்சுனனா, கங்கையைக் கொணர்ந்த பகீரதனா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உள்ளது. எனவே எஸ் அர்ஹுனா (அவர் அருச்சுனன்) என்று சொல்வதே ஒரு முடிவாகிவிடும். புவேதே ஸேர் பகீரதா (பகீரதனாக இருக்கலாம்) என்னும் தொடர் அம்முடிவைத் திறந்து வைக்கிறது.

அதே பாறையில், எலிகளுக்கு அருகே தவக்கோலத்தில் நிற்கும் பூனைக்கு: பரேஸே உன் அஸேத்தா, பேரோ நோ எஸ் உன் அஸேத்தா (துறவிபோல் தோன்றுகிறது, ஆனால் துறவி அன்று).

சதுரங்க ஒலிம்பியாடு

44-ஆவது சதுரங்க ஒலிம்பியாடு 2022 சூலை 28 முதல் ஆகத்து 10 வரை மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நடைபெற்றது. எசுப்பானியா, கியூபா, அர்செந்தீனா, பெரு, மெக்சிக்கோ, கொலம்பியா முதலிய எசுப்பானியம் பேசும் நாடுகளின் அணிகளும் இதில் கலந்துகொண்டன. போட்டியின் சின்னம் வேட்டி சட்டை அணிந்து கைகூப்பி நிற்கும் குதிரைமுகத் "தம்பி" ஆகும். அதனை விவரிக்க: தியேனே கபேஸா தே கபாயோ (அவனுக்குக் குதிரைத் தலை), யேபா உனா கமீஸா ப்லாங்க்கா (வெள்ளைச் சட்டை அணிந்திருக்கிறான்).

கடந்தகால விவரிப்புக்கு மூன்று வினைகளும் ஏரா, எஸ்த்தாபா, தெனீயா என்னும் தொடர் இறந்தகால வடிவம் கொள்ளும். சென்னையைச் சேர்ந்த குகேசு இப்போட்டியில் விளையாடியபோது அவருக்கு 16 வயது: தெனீயா தியேஸிஸேய்ஸ் ஆஞோஸ். 2024 திசம்பரில் உலக வாகையர் ஆனபோது அவருக்கு 18 வயது: தெனீயா தியேஸியோச்சோ ஆஞோஸ்.

ஆங்கிலம் வழி வரும் பிழைகள்

தமிழ்நாட்டில் எசுப்பானியம் கற்போர் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே கற்கின்றனர். வடிவில் ஆங்கிலச் சொற்களை ஒத்து, பொருளில் வேறுபடும் சொற்கள் அவர்களுக்குத் தடையாகின்றன.

* எம்பரஸாதா: கருவுற்ற பெண். வெட்கத்தைக் குறிப்பதன்று.
* ஸென்ஸீப்லே: எளிதில் மனம் நெகிழ்பவர். விவேகி என்று பொருளன்று.
* ஸிம்ப்பாத்திக்கோ: பழக இனியவர். இரக்கமுள்ளவர் என்று பொருளன்று.
* கொன்ஸ்திப்பாதோ: சளி பிடித்தவர். மலச்சிக்கலைக் குறிக்கும் பொருள் சில நாடுகளில் மட்டும் உண்டு.

மாதிரிப் பத்தி

மே யாமோ கயல்விழி. ஸோய் தே லா இன்தியா. தேங்கோ பேயின்த்தே ஆஞோஸ். ஸோய் எஸ்த்துதியான்தே. ஸோய் ஆல்த்தா இ தெல்காதா, இ யேபோ காஃபாஸ். ஓய் எஸ்த்தோய் கன்ஸாதா.

பொருள்: என் பெயர் கயல்விழி. நான் இந்தியாவைச் சேர்ந்தவள். எனக்கு 20 வயது. நான் மாணவி. உயரமும் மெலிந்த உடலும் உடையவள், கண்ணாடி அணிந்திருக்கிறேன். இன்று களைப்பாக இருக்கிறேன்.

இப்பத்தியில் ஊருக்கும் தொழிலுக்கும் இயல்பான தோற்றத்திற்கும் ஸோய், அகவைக்குத் தேங்கோ, கண்ணாடிக்கு யேபோ, இன்றைய நிலைக்கு எஸ்த்தோய் என நான்கு வினைகளும் தத்தம் இடத்தில் வந்துள்ளமை காண்க.

இவற்றையும் பார்க்க

* எசுப்பானிய மொழி
* குறிப்பு வினைமுற்று
* தமிழர் பெயரிடும் முறைகள்
* மாமல்லபுரம்
* 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாடு